ஆமாம் என்று சொல்லாத நைனா

எங்கள் நைனா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. மூத்த மகள் என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கடம்பத்தூரில், கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் நைனா. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு மணவாள நகரில் சொந்தமாகக் கடை போட்டார். ராணுவம் கழித்துவிடும் கூடாரம், பூட்ஸ், பாராசூட் எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து விற்கும் கடை. பாராசூட் துணி தையல்காரர்களுக்குப் போகும். உடம்பில் பூட்டிக்கொள்ளும் வார்ப்பட்டை லாரிக்காரர்களுக்குப் போகும். நாங்கள் பள்ளிக்குப் போட்டுப்போன கவுன்கள்கூட அந்தத் துணிதான். காற்றடித்தால் பறந்துவிடுவோம் என்று தெருவே கேலி செய்யும்.

அறுபதுகளின் கடைசியில் பழம்பொருள் சேர்ப்பவர்கள் சென்னையிலிருந்து வரத் தொடங்கினார்கள். விமானி அணிந்த பாராசூட்தான் அவர்களுக்கு வேண்டும். நைனா வார்ப்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார். மார்பில் இரண்டு வளையம் இருந்தால் அது விமானத்திலிருந்து குதிக்கும் சிப்பாயுடையது. அவசரத்துக்கென்று இன்னொரு பாராசூட்டை அவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். விமானிக்கு அது கிடையாது; அவருடைய பாராசூட் மூட்டை உட்காரும் இடத்தில் வரும். ஒன்றின் பட்டையை இன்னொன்றில் தைத்து விற்கும் வியாபாரிகளைக் கண்டால் நைனாவுக்கு ஆகவே ஆகாது. கடையை விட்டே துரத்துவார்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தான் போர் முடிந்த சமயம், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பெரியவரைத் தரகர் ஒருவர் அழைத்துவந்தார். பெரியவரின் மகன் விமானி. போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தரகர் கொடுத்த ஒரு வார்ப்பட்டையை, மகன் அணிந்ததே என்று நம்பி, பெரியவர் மடியில் வைத்திருந்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே" என்றார் தரகர், மெதுவாக.

நைனா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மார்பில் இரண்டு வளையங்கள்.

"மன்னிச்சிக்கங்க சார். இது குதிக்கிற சிப்பாய் போட்டது. உங்க புள்ளயோடது இல்ல."

பெரியவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் போனதும் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஆமான்னு சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? பெத்த மனசாவது ஆறியிருக்கும்ல?"

"வேற ஊட்டுப் புள்ள போட்டதக் கட்டிக்கினு இவர அழச் சொல்றியா? அந்தப் புள்ளைக்கும் ஒரு ஊடு இருக்கும்ல?"

அம்மா சில நாள் நைனாவோடு பேசவே இல்லை. ஆனால் பெரியவர் மறுபடி வந்தார். பிறகு அடிக்கடி வந்து, மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நைனா வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நைனாவின் நோயில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும், ரத்தம் கொடுத்த கடைத்தெரு நண்பர்களுக்கும், தள்ளாத வயதிலும் கடைசிப் பயணத்தில் நைனாவுக்குத் தோள் கொடுத்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் நன்றி.

எல்லோருக்கும் மேலாக அம்மாவுக்கு. மருத்துவர்கள் கைவிட்ட பிறகும், பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தம்பிகளும் நானும் சொல்லிக்கொண்டிருந்தோம். நைனா எங்களிடம் கேட்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"நான் ஊட்டுக்குப் போய்டுவனா?"

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க."

நைனா தலையசைத்தார். அதன்பிறகு கடைசிவரை அந்தக் கையை அவர் விடவில்லை.