மல்லாந்து பார்த்த வெள்ளை

சீலிங்குக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் ஒரு பாயை விரித்து மல்லாந்து படுக்க வேண்டும். நின்றபடி, ஷேடு கார்டை உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு "இதுதான்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கையில் இருக்கும் அட்டைக்கு வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. சீலிங்குக்கோ தரையில் பட்ட வெளிச்சம்தான் ஏறிப் போகிறது. அங்கே போனபின் அந்த நிறம் வேறு ஆளாகிவிடும். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. நான்கு மாதத்துக்கு மேல் படுத்துக் கிடந்து தெரிந்துகொண்டேன்.

மைசூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் படுக்கையறை அது. நான் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தேன். முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. விளக்கடியில் நின்று, இரும்புப் பாகங்களைத் திருப்பித் திருப்பிக் கீறல் தேட வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பிடிவாதம் அதிகம். பிள்ளையைக் கையில் வாங்காமல் இந்தக் கட்டிலை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சமைத்துப் போட ஹனூரிலிருந்து என் மாமியார் வந்தார். வந்த அன்றே சட்டம் போட்டார்.

"பொறக்கற வரைக்கும் புள்ளைக்குன்னு ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது அம்மணி. பேரு பேசக்கூடாது. தொட்டில் பேச்சும் ஆகாது."

நான் எதிர்த்துப் பேசவில்லை. முதல் முறை மூன்றாம் மாதத்திலேயே ஒரு சின்ன மஞ்சள் ஸ்வெட்டர் வாங்கியிருந்தேன். அது பீரோவின் அடித்தட்டில் இன்னும் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது.

ஆக, எனக்குப் பார்க்க மிஞ்சியது சீலிங். முன்பு இருந்தவர்கள் அதற்குப் பளபளக்கும் வெள்ளை எனாமல் அடித்து வைத்திருந்தார்கள். டியூப்லைட்டைப் போட்டால் அங்கேயும் ஒரு டியூப்லைட் தெரியும். கொத்தனார் கரண்டி தடுக்கிய மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கும். கீறல் தேடியே சம்பளம் வாங்குகிறவள் நான், விடுவேனா? மூன்றாம் நாளே தலைவலி வந்துவிட்டது. போதாக்குறைக்குத் தினமும் மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் சிவப்பு சிமெண்டுத் தரையில் விழுந்து மேலே ஏறும். வெள்ளைச் சீலிங் முழுக்க, தர்பூசணித் தோலை ஒட்டிய வெளிறிய ரோஸ் நிறமாகிவிடும்.

மாற்றியே தீருவது என்று தீர்மானித்தேன். நான் இருக்கும்போது பெயிண்ட் வாசனை கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அடிக்கலாம். பிறகு மூன்று மாதம் கொள்ளேகாலில் அம்மா வீட்டில் இருப்பேன், வாசனை போய்விடும். ஆனால் நிறத்தை இப்போதே, படுத்திருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

இதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. பிள்ளை பிறந்தால் அதுவும் மாதக்கணக்கில் மல்லாந்துதான் கிடக்கும். துணி வாங்கக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாது. சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்தால் அது பிள்ளைக்கு என்று யாரால் சொல்ல முடியும்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"கூரையப் போயி யாரு அண்ணாந்து பாக்கறாங்க?" என்றார் மாமியார்.

"நான் பாக்கறேன் அத்தை."

என் கணவருக்கு ஃபால்ஸ் சீலிங் ஆசை. நண்பர் வீட்டில் பார்த்தாராம், ஓரமெல்லாம் நீல விளக்கு. எங்கள் அறையே உயரம் குறைவு. "இன்னும் அரையடி இறக்கினா என் நெஞ்சு மேலதாங்க வந்து உக்காரும்" என்றேன். படுத்திருக்கிறவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்பதை அந்த மாதங்களில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

பெயிண்டிங் மேஸ்திரி வந்து அறை வாசலிலேயே நின்றார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், பேச்சில் கன்னடம் கலக்கும். "சீலிங்குன்னா வெள்ளைதானுங்க அக்கா. பளபளன்னு அடிச்சுட்டாத் தொடைச்சுக்கலாம். சும்னே எதுக்கு யோசனை?"

"எந்த வெள்ளைங்க?"

"வெள்ளையில என்னங்க எந்த வெள்ளை?"

அவரை நான் விடவில்லை. ஒரு சாண் அகல அட்டைகளில் ஐந்து விதமாக அடித்துத் தரச் சொன்னேன். அவற்றை மொட்டைமாடியில் ஒரு வாரம் காயவைத்து, வாசனை போனபின் என் கணவர் ஸ்டூலில் ஏறி டேப் போட்டு ஒட்டினார். ஓர் அட்டை ஓடுகிற ஃபேனில் விழுந்து, பறந்து போய்ச் சாமி காலண்டரில் மோதியது.

"சகுனம் சரியில்ல அம்மணி" என்றார் மாமியார்.

"சகுனம் நல்லாத்தான் இருக்குதுங்க அத்தை. டேப்புதான் சரியில்ல."

பத்து நாள், காலை, மதியம், மாலை, விளக்கு போட்டபின் என்று பார்த்தேன். சுத்த வெள்ளை நான்கு மணிக்கு ரோஸ் ஆனது. கையில் அழகாக இருந்த க்ரீம், அந்தச் சிவப்புத் தரைக்கு மேலே போனதும் ஆறிப்போன டீயாகிவிட்டது. நீலம் கலந்தது மழை நாளில் அறையையே குளிரவைத்தது. இன்னொன்றில் சாம்பல் தூக்கலாக இருந்தது. மிஞ்சியது, வெள்ளையில் ஒரு துளி பச்சை கலந்தது. ஷேடு கார்டில் அதைப் பார்த்து, தண்ணீர் விட்ட புதினாச் சட்னி என்று என் கணவர் சிரித்திருந்தார். மேலே அது பச்சையாகவும் இல்லை, ரோஸாகவும் இல்லை. தரையின் சிவப்பை அந்தத் துளிப் பச்சை சரிக்கட்டிவிட்டது. வெளிர்மஞ்சள் சுவருக்கும் கறுத்த மரப் பீரோவுக்கும் நடுவில் சத்தம் போடாமல் இருந்தது. பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் என்பதால் அந்த அட்டையில் டியூப்லைட் தெரியவில்லை.

மேஸ்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானுங்க அக்கா" என்றார்.

"படுத்துப் பாருங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் முதலில் தரையில் படுத்தார். பிறகு மேஸ்திரியும் தோள் துண்டை விரித்துப் பக்கத்தில் படுத்தார். ராகிக் கஞ்சியோடு வந்த மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆமாங்க அக்கா" என்றார் மேஸ்திரி. "இத்தன வருசமா அண்ணாந்து அடிச்சிருக்கறேன். மல்லாந்து பாத்ததில்லீங்க."

"லைட்டு போட்டாக் கண்ணு கூசாதுங்களே?" என்று கேட்டேன்.

"கூசாதுங்க."

"நெசமாக் கூசாதுங்களா?"

மாமியார் என்னையே பார்த்தார். பிறகு கஞ்சியை வைத்துவிட்டு, "எந்திரிங்கப்பா, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க" என்று அவர்களை விரட்டினார்.

ஆறு, ஏழு, எட்டு என்று மாதங்களைத் தள்ளினேன். ஒன்பதாம் மாதம் தையல் பிரிக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அன்று காலையே மேஸ்திரி, பழைய எனாமலைத் தேய்த்து எடுக்க ஏணியோடு வந்துவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள மாமியார் அங்கேயே இருந்தார். நான்காம் நாள் பெண் பிறந்தாள். அவள் அழுததைவிட நான் சத்தமாக அழுதேன்.

மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினோம். மாமியார் அவளை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை அகல விரித்துச் சீலிங்கைப் பார்த்துக் காலை உதைத்தாள். எனக்கு அதற்குமேல் மறைத்து வைக்க முடியவில்லை.

"அத்தை, இந்தக் கலரை இவளுக்குன்னுதான் பாத்தேன். உங்ககிட்டச் சொல்லல."

"தெரியும் அம்மணி. கண்ணு கூசுமா, கண்ணு கூசுமான்னு மேஸ்திரியப் போட்டுக் கொடஞ்சியே, உம்பட கண்ணுக்கா கேட்டே?" பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டபடி அவர் மேலும் சொன்னார். "நீ போன மூணாம் நாளு, அடிச்சு முடிச்சாச்சுன்னு மேஸ்திரி ஏணிய எடுத்தாரு. இருங்கன்னுட்டு நான் இந்தக் கட்டல்லயே படுத்துப் பாத்தேன். சன்னல் மூலையில பழைய பளபளப்பு தெரிஞ்சுது. புள்ளைக்குக் கண்ணு கூசும், இன்னொரு கை அடிச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன்."

அதற்கு மறுநாள்தான் அவள் பிறந்தாள். ஒரு கிலுகிலுப்பைகூட வரக்கூடாது என்று சட்டம் போட்டவர், பிறக்காத பிள்ளையின் கண்ணுக்காக ஓர் ஆளைத் திரும்ப ஏணியில் ஏற்றியிருக்கிறார். டியூப்லைட்டைப் போட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து ஜன்னல் மூலையைப் பார்த்தேன். எவ்வளவு தேடியும் அந்த இடம் எனக்குத் தெரியவில்லை.