காலை எடுக்கச் சொன்னபோது கேட்கத் தைரியம் தந்தார்

என் கணவர் போலீஸ்காரர். போன சீசனில் குற்றாலம் மெயினருவியில் பந்தோபஸ்துக்கு நின்றபோது, உடைந்த பாட்டில் காலில் குத்திவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர். யாரிடமும் சொல்லாமல் ஈரத்திலேயே நின்றிருக்கிறார். தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

"முழங்காலுக்குக் கீழ எடுத்திரணும்மா" என்றார் டாக்டர்.

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஏட்டி, என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. காலில்லாம இருந்து என்ன செய்ய?"

வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். காலைக் காப்பாற்றும் என்று கேட்கக்கூட எனக்கு விசுவாசம் இல்லை. "ஆண்டவரே, என்ன செய்யணும்னாவது சொல்லும்" என்று அழுதேன். இன்னொரு டாக்டரிடம் கேள் என்ற ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கணவரின் அண்ணனுக்குச் சம்மதமில்லை. "டாக்டரு கோவிச்சுக்கிட்டா பொறவு நல்லா பார்ப்பாரா? சும்மா இரும்மா."

பயந்துகொண்டேதான் டாக்டரிடம் போனேன். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு டாக்டர்ட்டயும் ஒருக்க காட்டலாமா?"

அவர் கோபப்படவில்லை. "அது உங்க உரிமைம்மா. ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் தாரேன். ஆனா இன்னைக்கே போங்க. தள்ளிப் போட்டா உயிருக்கு ஆபத்து."

திருநெல்வேலியில் ரத்தக்குழாய் டாக்டர் பார்த்தார். "பாதத்துக்கு இன்னும் ரத்தம் போகுது. விரலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். உறுதி சொல்ல முடியாது."

விரல்களை எடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. புண்ணின் வாடை அறையெல்லாம் நிறைந்தது. என் பிடிவாதத்தால் உயிரும் போய்விடுமோ என்று நடுங்கினேன். ஜெபம் நின்றுபோயிற்று. சபையாராகிய நீங்கள் போனில் ஜெபித்தபோதெல்லாம் நம்பிக்கையில்லாமல்தான் ஆமென் சொன்னேன்.

ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்த டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "சிவப்பா சதை வருது. கால் தப்பிச்சிரும்." என் கணவர் சத்தம் போட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. புண் திரும்பி வருமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்குக்கூட ஆலயத்துக்கு வராத மனிதர், இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு நாள் வந்தால், முழங்கால்படியிடுங்கள். பிறகு எழுந்துபோய், கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். என் வாயைத் திறந்தவர் உங்கள் வாயையும் திறப்பார். அவருக்கே ஸ்தோத்திரம்.