மீன் தொட்டி வைத்த கேக் கடை

என் தாய்மாமன் மீது எனக்கு இருபது வருடமாகக் கோபம். போன மாதம் அதன் காரணம் மாறிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்கு வீடு தள்ளி ஷாமினியின் வீடு. பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் இழுத்து எழுப்பிவிடுவேன். அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மாமாவின் காரில் ஈப்போ போவதாக ஏற்பாடு. ஷாமினி, அவள் அம்மா, நான். கேக் வெட்டிவிட்டு இரவுச் சந்தையில் சுற்றலாம், விளக்கெல்லாம் பார்க்கலாம் என்று மாமா ஆசை காட்டியிருந்தார். ஈப்போவை நாங்கள் இரண்டு பேரும் பகலில்தான் பார்த்திருந்தோம். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளிப் பாவாடை சட்டையை எடுத்துத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஷாமினியின் அப்பாவுக்கு விஷயம் தெரியக்கூடாது. அவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். சம்சு சாராயம் குடித்துவிட்டு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது லயத்துக்கே கேட்கும். பலகைச் சுவர்தானே. கேட்டுக்கொண்டு எல்லாரும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். குடிக்காதபோது தங்கமான மனுஷன் என்று அவருக்குப் பரிந்து பேசவும் ஆள் இருந்தது. வெயில் காலத்திலும் அந்த அம்மா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வெட்கங்கெட்ட லயம்!

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மாமா வருடா வருடம் காவடி எடுக்கிறவர். அவர் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. பிறகு, யாரும் எதிர்பாராமல், என்னையும் இழுத்துப் பூசாரி முன்னால் நிறுத்தினார். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு டெங்கி வந்தபோது அம்மா பால்குடம் வேண்டிக்கொண்டாளாம். மூன்று வருடம் காத்திருந்த மாரியாத்தாளுக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. என் கையிலும் கயிறு கட்டிவிட்டார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமா சொன்னார்.

"கையில காப்பு இருக்குலா. இனி ஏழு நாளைக்கு இருட்டுன பெறகு நீ தோட்டத்துக் கேட்டத் தாண்டக்கூடாது."

நான் தரையில் விழுந்து புரண்டேன். அவர் கையிலும் அதே கயிறு இருக்கிறதே, அவர் மட்டும் போகலாமா என்று கேட்டேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அதோடு விட்டாரா மனுஷன்? வர முடியாதவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேக் கடையை வர்ணித்தார். ஈப்போ ரயில் ஸ்டேசனுக்கு எதிர்ச் சந்து, இரண்டாவது மாடி, வாசலில் ஆள் உயரத்துக்கு மீன் தொட்டி. மறுநாள் காலையில் இன்னொரு முறை. புறப்படும்போது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் கடைசியில், ஷாமினியின் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் கிளம்பியது. ஷாமினி ரோஸ் கலர் கவுன் போட்டிருந்தாள். மடியில் பள்ளிக்கூடப் பை. பரிசுகளைப் போட்டுக்கொண்டு வரத்தான் எடுத்துப்போகிறாள் என்று நினைத்து வயிறு எரிந்தேன். அவள் கையாட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

ஏழு மணிக்கு அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். வீடு பூட்டியிருந்தது. நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"எங்க போயிருக்காளுங்க?"

அவர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. ரயில் ஸ்டேசன், சந்து, மாடி, மீன் தொட்டி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் போய் அந்தக் கேக்கைத் தூக்கி வீச வேண்டும், எல்லாரும் அழ வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் ஈப்போ சாலையில் போகும் சத்தம் தேய்கிறவரை நின்று கேட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து மாமா மட்டும் திரும்பி வந்தார். ஷாமினியின் அப்பா காரை மறித்து அவரை அடித்தார். உதடு கிழிந்தது. மாமா திருப்பி அடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. காப்போடு வெளியே இரவு தங்கியவன் காவடி எடுக்கக்கூடாது என்று கோயில் கமிட்டி சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். நான் பால்குடம் எடுத்துப்போனபோது அவர் வேலியோரம் நின்றிருந்தார். நன்றாக வேணும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஷாமினியும் அவள் அம்மாவும் ஜொகூரில் ஒரு அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள், திரும்ப மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எப்படிப் போனார்கள் என்று வீட்டில் கேட்டால், பெரியவர்கள் விஷயம் என்று வாயை அடைத்தார்கள். வயது ஏற ஏற, அன்று நான் செய்தது என்ன என்பது உறைத்தது. அந்த ஆள் ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தால்? பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி தேடிக் கொடுத்த ஷாமினியின் நம்பர் பல வருடம் என் போனில் இருந்தது. ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? என்னையும் கூட்டிப்போயிருந்தால் நான் காட்டிக்கொடுத்திருப்பேனா என்று மாமா மேல்தான் கோபத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மா சிம்பாங் பூலாயில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஏதோ பேச்சில் சொன்னாள்.

"அன்னைக்கு ஒன் மாமா ஈப்போ பக்கமே போகலடி. சுங்காய்க்குப் போயி, அங்கேருந்து ஜொகூர் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தான்."

ஈப்போ வடக்கே. சுங்காய் தெற்கே. கீரையை அப்படியே போட்டுவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தால் நான் உயிரே போனாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று கத்தினேன்.

"தெரியும்லா. அதான் சொல்லல," என்றார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சின்னப்பிள்ளை, நாலு நாளில் மறந்திருப்பாய் என்று நினைத்தாராம். மறந்திருப்பேனாம்! ஈப்போ போகும்போதெல்லாம் ரயில் ஸ்டேசனுக்கு எதிர்ச் சந்துகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அங்கே இருக்கும் மூன்று சந்திலும் அந்தக் கடை அகப்படவில்லை. மூடியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படியானால் அந்த மீன் தொட்டி வைத்த கேக் கடை, என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கேக் கடை?" என்றார் மாமா.