மலை வீட்டில் எனக்கு வைத்த பத்தியம்

கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமையானால் தீர்த்தமலை ஏறி இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? எங்களைப் பற்றியும் அதைத்தான் நினைத்தது. அதிலும் நாங்கள் வேதக்காரர்கள். தருமபுரி சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு அரூர் பஸ்ஸைப் பிடித்துச் சிவன் கோயில் மலைக்குப் போகிறோம் என்றால் சும்மா இருப்பார்களா?

எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “நல்லது பண்றீங்க கண்ணு. எந்தச் சாமியா இருந்தா என்ன, குடுக்கற சாமிகிட்ட கேக்க வேண்டியதுதான்” என்றார். என் மாமியாருக்கு அடிவயிற்றில் நெருப்பு. “பங்குச் சாமியார் காதுக்குப் போனா எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? வேளாங்கண்ணிக்குப் போனா ஆகாதா?” என்பார். வேளாங்கண்ணிக்கும்தான் போயிருந்தோம். அங்கே நான் கட்டிய தொட்டில் மற்றவர்கள் கட்டியதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். சேலத்து டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதித்து, குறை ஒன்றும் இல்லை, ஆனால் சொல்ல முடியாது என்றார். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலாவது ஒரு பக்கம் அழுது தீர்த்திருக்கலாம்.

உண்மையில் நாங்கள் மலை ஏறியது வேண்டுதலுக்கு இல்லை. கால் பழகுவதற்கு. என் வீட்டுக்காரர் சர்வே ஆபீசில் படம் வரைபவர். ஊர் ஊராக வரப்பையும் ஓடையையும் காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டிருந்தவருக்கு, எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி கிடைத்தது. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கிண்டிய களியைத் தின்றுவிட்டு எங்கள் தரையில் படுத்துத் தூங்கிய அவர்கள், மறுநாள் கிளம்பும்போது நேபாளத்து மலை மேப் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பகலெல்லாம் நடந்தால் போதும், வழியில் இருக்கும் வீடுகளிலேயே சோறும் படுக்க இடமும் கிடைக்கும், வழிகாட்டி வேண்டாம், லாட்ஜ் வேண்டாம், உங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மேப்பை இவர் பார்த்த மாதிரி என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு மலை மேல் ஆசை ஒன்றும் கிடையாது. தாலுக்கா ஆபீசில் டைப் அடிக்கும் எனக்கு, “இன்னும் விசேஷம் எதுவும் இல்லீங்களா?” என்று கேட்காத ஓர் ஊரில் ஒரு மாதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டேன்.

கம்பைநல்லூர்ப் பக்கம் என் தாய் வீடு. அங்கிருந்து வரும் ராகியை ஆளுக்கொரு பையில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு தீர்த்தமலை ஏறுவோம். மேலே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அதே ராகியைச் சுமந்துகொண்டு இறங்குவோம். சேலைக்குக் கீழே கித்தான் ஷூ வேறு. பல வாரம் இந்தக் கூத்தைப் பார்த்த அடிவாரத்துத் தேங்காய்க் கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “காணிக்கைய மேலயே குடுத்துட்டு வரணுங்க. இப்படித் திரும்ப எடுத்துட்டு வரக் கூடாதுங்க” என்றார். இவர் சிரித்துக்கொண்டே பையை என் முதுகில் சரிசெய்துவிட்டார்.

ஐப்பசியில் கிளம்பினோம். ரயில் மேல் ரயில் மாறி, எல்லையை நடந்தே தாண்டி, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கி போக்ரா போய்ச் சேர்ந்தோம். காலையில் அறைக் கதவைத் திறந்தால் எதிரே பனி மலை. நான் முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். இவர் மேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விரிக்காமலே நின்றார். “பாத்தியா” என்றார்.

நடக்க ஆரம்பித்தோம். எங்கே பார்த்தாலும் கல் படி. ஏறினால் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் தீர்த்தமலை அங்கே இருந்திருந்தால் அதற்கு ஒரு பேர்கூட வைத்திருக்க மாட்டார்கள். கோவேறு கழுதைகள் மணி ஆட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். சாயங்காலம் எந்த வீட்டில் புகை தெரிகிறதோ அங்கே போய் நிற்போம். உருளைக்கிழங்கும் பருப்பும் சோறும் போட்டு, படுக்க ஒரு மூலையும் காட்டுவார்கள். முக்திநாத் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவது திட்டம். “வேதக்காரன் பெருமாள் கோயிலுக்குப் போறான்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?” என்று நான் சீண்டுவேன். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் மனுஷர் அங்கே வாய் ஓயாமல் பேசினார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி இருந்ததில்லை.

விசேஷம் கேட்காத ஊர் என்று நினைத்தேன் அல்லவா? அதுவும் பொய்யாயிற்று. டீக்கடை அம்மா ஒருவர் டம்ளரை நீட்டிக்கொண்டே, முட்டி உயரம், இடுப்பு உயரம் என்று கையால் காட்டி எத்தனை பிள்ளை என்று கேட்டார். இல்லை என்று கையை விரித்தேன். உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டுவதற்குப் பாஷை வேண்டியதில்லை போலிருக்கிறது.

உயரம் கூடக் கூட எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குமட்டும். அடுப்பில் நெய் உருகும் வாசனை வந்தால் வெளியே ஓடுவேன். எதிரே இறங்கி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, இது மலை உயரத்தால் வருவது, ஏறாமல் ஒரு நாள் ஓய்வெடுங்கள் என்றார். எங்கள் மேப்பின் பின்பக்கத்திலும் அதேதான் அச்சடித்திருந்தது: தலைசுற்றல், வாந்தி, அசதி. மூன்றும் எனக்கு இருந்தது. எட்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் நாள் எண்ணி எண்ணி ஏமாந்து, அந்த வருஷம்தான் எண்ணுவதையே விட்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மேப் சொன்னபடியே ஓய்வெடுத்தோம், மேலே இருந்த கணவாயைத் தாண்டினோம், அந்தப் பக்கம் இறங்கினோம். இறங்கிய பிறகும் குமட்டல் போகவில்லை.

அந்தச் சரிவில் ஒரு வீடு. கீழே அடுப்பு, மேலே தங்குகிறவர்களுக்குப் பலகைக் கட்டில். வாசலில் ராகிக் கதிரைக் காயப்போட்டிருந்தார்கள். நம் ராகியேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டம்மாவுக்கு என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். நான் வாந்தி எடுத்துவிட்டு வந்ததைப் பார்த்தார். கிட்டே வந்து தன் வயிற்றின் மேல் கையை வைத்து என்னவோ கேட்டார். வயிற்றுக் கோளாறா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையாட்டி, எங்கள் மாத்திரைப் பட்டையைக் காட்டினேன். அவர் அதைக் கையிலிருந்து பிடுங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நின்றிருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்படின்னா?” என்றார். “அப்படின்னா அதுதாங்க” என்றேன். எழுந்து வெளியே போய் மேப்பை மடித்துப் பைக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். “முக்திநாதும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொறுமையா இறங்கி வூட்டுக்குப் போயிரலாம்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. பெண் என்றால் என் அம்மா பேர், பையன் என்றால் அவர் அப்பா பேர் என்றுகூடப் பேசிவிட்டோம். ஒரே ஒரு சாயங்காலம் நாங்கள் அப்பாவும் அம்மாவுமாக இருந்தோம்.

மறுநாள் விடிந்ததும் இடுப்பில் வலி தொடங்கியது. உதிரமும் கண்டது. இவர் டாக்டர், டாக்டர் என்று கேட்டுக்கொண்டு கீழ் ஊருக்கு ஓடினார். யாரும் கிடைக்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மாதான் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் தமிழில் கதறினேன், அவர் தன் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். கையளவுகூட இல்லாததை வெள்ளைத் துணியில் சுற்றி, வந்து நின்ற இவர் கையில் கொடுத்தார். ராகிக் கொல்லையின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் குழி தோண்டினார்கள். இவர் ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். என் சித்திக்குப் பிறந்து கண் திறக்காமல் போன குழந்தையை, ஞானஸ்நானம் ஆகவில்லை என்று கல்லறைத் தோட்டத்துக்குள் விடாமல் வேலியோரம் புதைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஊரில் இருந்திருந்தாலும் எங்கள் பிள்ளைக்கு வேலியோரம்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அன்று மத்தியானம் அந்த அம்மா என்னைச் சுடுதண்ணீரில் துடைத்துவிட்டு, காதை மூடித் தலையைச் சுற்றித் துணி கட்டினார். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கப் போனால் கையிலேயே அடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிண்ணத்தில் ஆவி பறக்க ஒன்றைக் கொண்டுவந்தார். ஓமம். நெய்யில் பொரித்த ஓமத்தை இடித்துப்போட்ட ரசம், கூடவே சுடச்சுட ராகிக் களி. வாசனை வந்த உடனே எனக்குத் தெரிந்துபோயிற்று. என் நாத்தனார்களுக்குப் பிரசவம் ஆனபோதெல்லாம் ஓமமும் மிளகும் பூண்டும் தட்டி ரசம் வைத்துக் கொடுத்தவள் நான்தானே? பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் போடுகிற பத்தியம் அது. வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அவர் எனக்குக் காய்ச்சல்காரிக்குக் கஞ்சி ஊற்றுவது மாதிரி ஊற்றவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் போடுவது மாதிரி போட்டார்.

என்னால் முழுக்கக் குடிக்க முடியவில்லை. மிச்சத்தை இவர் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்த அந்த அம்மா இவரைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அப்படி ஒரு ஏச்சு. இவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

உடம்பு தேறும்வரை அங்கேயே இருந்தோம். கிளம்பும்போது அந்த அம்மா நாங்கள் படுத்த இடத்துக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு, சோற்றுக்குக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டு பையையும் இவரே சுமந்துகொண்டு வந்தார். தருமபுரி ஸ்டேஷனில் இறங்கியபோது, “யாருக்கும் சொல்ல வேணாம். மலை ஏறித்தான் கலைச்சுக்கிட்டாளும்பாங்க. உன்னத்தான் சொல்லுவாங்க” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சேலத்து டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். நடந்ததால் ஆகவில்லை, கட்டிலிலேயே படுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கும் என்றார். நான் நம்பினேன். இவர் நம்பவில்லை. மேப் பெட்டிக்கு அடியில் போயிற்று. நாங்கள் தீர்த்தமலை ஏறுவதும் நின்றுபோயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். பிறகு எங்களுக்கு எதுவும் தங்கவும் இல்லை, தரிக்கவும் இல்லை.

ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்கும். கடைசி நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வழக்கம்போல நான்தான் அடுப்படியில். ஓமத்தை நெய்யில் போட்டேன். அந்த வாசனை எழுந்ததும் கை தானாக ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டது. அங்கேயே நின்று குடித்தேன். மாமியார் பார்த்துவிட்டார். கெட்ட மனசுக்காரர் இல்லை, வாய்தான் அப்படி. “அது பெத்தவளுக்குடி. உனக்கெதுக்கு?” என்றார்.

இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கிறது. உள்ளே வந்து, அவர் அம்மாவைத் தாண்டி, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்தார்.

“அந்தம்மா வெச்சதுல இன்னும் கொஞ்சம் காரம் இருந்துச்சு இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

“எந்தம்மாடா?” என்றார் மாமியார். இவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். “இவளும் பெத்தவதாம்மா” என்று ஆரம்பித்தார்.