ஒரு வார்த்தை, இரண்டு வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் கைக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை வந்துசேரும். அதை வைத்துக்கொண்டுதான் வாரத்தை ஓட்டுவார்.

அனுப்புவது மகள். வேறு ஊரில் அம்மாவோடும் மாமாவோடும் இருக்கிறாள். ஒரே வார்த்தையை இரண்டு அர்த்தத்தில் வைத்து இரண்டு வாக்கியம் எழுதிவா என்று பள்ளிக்கூடத்தில் வாராவாரம் வீட்டுப்பாடம். ஒரு வாக்கியம் அவள் பொறுப்பு. இன்னொன்று அப்பா பொறுப்பு. ஃபோனை வைப்பதற்குமுன் அடுத்த வாரத்து வார்த்தையைச் சொல்லிவிடுவாள்.

இதை ஆரம்பித்து வைத்தது மனைவி. பிள்ளையிடம் ஃபோனைக் கொடுத்தால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், படிக்கிறியா, படிக்கிறேன் என்பதோடு பேச்சு வறண்டுவிடும். ஒருநாள் அந்தப் பக்கம், "அந்த லைட்டுக்கு உங்கப்பாகிட்ட கேளேன்" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. லைட் என்றால் விளக்கு என்பதை மகள் எழுதிவிட்டாள். இன்னொன்று அகப்படவில்லை. அவருக்கு அகப்பட்டது. அவர் வேலை செய்யும் இடத்தில் சலவைக்கு வரும் மூட்டைகளில் லைட் லோடு, ஹெவி லோடு என்று சீட்டு தொங்குமே. "திஸ் பேக் இஸ் லைட்" என்றார்.

"சூப்பர்ப்பா!" என்றாள் மகள். அந்த சூப்பர்ப்பா மறுநாள் முழுவதும் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

அவர் ஒரு பெரிய சலவை நிலையத்தில் துவைக்கும் டிரம்முக்குப் பொறுப்பு. ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் துண்டுகள், மேஜைத் துணிகள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் உள்ளே போய் வெளியே வரும். மீசை அரும்பிய வயதில் அந்த வாசலில் நுழைந்தவர். இப்போது மீசையில் பாதி நரை. அங்கே அவருக்கு டிரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

டிரம்கள் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் அந்தக் கூடத்தில் இரண்டே பாஷைதான். ஒன்று கத்தல், இன்னொன்று கை. கட்டை விரல் உயர்ந்தால் சரி, புரிந்தது. உள்ளங்கை கீழே அமுங்கினால் கொஞ்சம் பொறு. முஷ்டி மடங்கினால் நிறுத்து. புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். போகப்போக அவர்களும் வாயை மூடிக்கொண்டு கையால் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மகள் கொடுக்கும் வார்த்தையை அவர் அந்தக் கூடத்துக்குக் கொண்டுபோவார். தேநீர் இடைவேளையில் அது நடுவில் வைக்கப்படும். ஒருமுறை வாட்ச் வந்தது.

"வாட்ச்சுனா கையில கட்றது. அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றான் வேன் டிரைவர்.

"வாட்ச்மேன் இருக்காரே."

"அவர் கையில வாட்ச்சே இல்லியேண்ணே. மணி என்னன்னு எங்கிட்டதான் கேக்குறாரு."

இஸ்திரி போடும் அக்கா தலை நிமிராமலே சொன்னாள். "ரெண்டு பேரும் இங்க நின்னு வெட்டிக்கதை பேசுறத மேனேஜர் ரூம் கண்ணாடி வழியா பாத்துட்டே இருக்காரு. அதுவும் வாட்ச்தான்."

அந்த வார வாக்கியம் அப்படிக் கிடைத்தது. "த மேனேஜர் இஸ் வாட்ச்சிங் அஸ்."

மனைவி அவரைவிட்டுப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் யாரும் சொன்னதில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும். அண்ணன் வீட்டுக்குப் போனவள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். மகளுக்கு அப்போது நடை சரியாக வரவில்லை. இவரும் பெரிய வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒரு மாடி அறைக்கு மாறினார். அதற்குப் பிறகு மகளை அவர் ஃபோனில்தான் வளர்த்தார்.

பள்ளி விடுமுறை நெருங்கியபோது மனைவியே பேச்சை எடுத்தாள். "லீவுல ஒரு வாரம் உங்ககூட வந்து இருக்கட்டும். ஆனா நீங்களே அவளைக் கேளுங்க. வரேன்னு அவ வாயால சொன்னா நானே கொண்டாந்து விடுறேன். இஷ்டமில்லாத பிள்ளைய நான் இழுத்துட்டு வரமாட்டேன்."

அந்த வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்த்தை வேவ். அலை என்று டிரைவர் சொல்லிக்கொடுத்தான். அதற்கு வாக்கியம் அமைத்ததைவிட, கேட்கவேண்டிய ஒரு கேள்வியைத்தான் அதிகம் மனப்பாடம் செய்தார்.

மகள் தன் வாக்கியத்தைப் படித்தாள். "ஐ வேவ் டு மை ஃப்ரெண்ட் ஃப்ரம் த பஸ்."

பஸ் ஜன்னலில் ஒரு சின்னக் கை ஆடுவதை அவர் பார்த்தார். மனம் நிறைந்துவிட்டது.

"அப்பா?" என்றாள். "அப்பா, கேக்குதா?"

அறை வாசலில் நின்றபடியே அவர் தன் வாக்கியத்தைச் சொன்னார். "த வேவ் இஸ் வெரி பிக்!"

எதிர்மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"லீவுக்கு அப்பாகிட்ட வரியா கண்ணு?"

 "அம்மாகிட்ட தரேன்" என்றாள் மகள்.

மனைவி வாங்கினாள். மகளோடு குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தாள். "அவ வரலைங்கறா."

"ஏன்? இங்க என்ன கொறை?"

"இப்பக் கத்துறீங்க பாருங்க, இதான்."

"நான் எங்க கத்துனேன்?"

"நீங்க திட்டுறீங்கன்னு நெனைக்கிறா. அவ ஒண்ணு சொன்னா கொஞ்ச நேரம் உங்ககிட்டேர்ந்து பதிலே வராது. அப்புறம் திடீர்னு ஒரு கத்தல். தப்பா சொல்லிட்டோமோன்னு பயந்துட்டேதான் ஃபோன எடுக்கறா. காலைலேர்ந்து அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தா."

"பதில் சொல்லாம எங்க இருந்தேன்? நான்..." என்றவர் தன் வலது கையைப் பார்த்தார். கட்டை விரல் இன்னும் நிமிர்ந்தே நின்றது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னார். சரி, புரிந்தது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மகளுக்கு இத்தனை நாளும் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார், ஃபோனில்.

மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் கை காட்டிட்டுதான் இருந்தீங்களா?"

"இருந்திருப்பேன்."

"நான் அடுப்பைப் பாத்துட்டு நின்னிருப்பேன்" என்றாள். 

மறுநாள் கூடத்தில் அவர் தணிந்த குரலில் பேசிப் பார்த்தார்.

"என்னண்ணே, தொட்டில இருக்கற மீன் மாதிரி வாய் மட்டும் அசையுது?" என்று டிரைவர் கத்தினான். பத்துத் துண்டு கேட்டதற்குப் பத்து மூட்டை வந்து இறங்கியது.

விஷயம் தெரிந்ததும் இஸ்திரி அக்கா அவரைத் துணி மடிக்கும் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அங்கேதான் கொஞ்சம் அமைதி.

"மொதல்ல அந்தக் கைய எங்கயாவது ஒளிச்சு வை. இப்ப எங்கிட்ட கேளு, லீவுக்கு வரியான்னு."

"லீவுக்கு வரியாக்கா?"

"கடன்காரன் கெட்டான் போ. இப்படிக் கேட்டா யார் வருவா? இன்னும் கீழ."

கேட்டார்.

"இன்னும். பக்கத்துல ஒரு கொழந்தை தூங்குது, நீ அத எழுப்பாம எங்கிட்ட கேக்குற."

அவர் கேட்டார். தன் குரல் அவ்வளவு மெலிதாக வரும் என்று அவருக்கே தெரியாது. அக்கா விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா, சரியில்லையா?"

"எங்கிட்ட இந்த மாதிரி ஒருத்தரும் கேட்டதில்லடா" என்றாள். உடனே, "போ போ, உன் டிரம் நின்னு எவ்வளவு நேரமாச்சு" என்று விரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன வாரம் மகள் அடுத்த வார்த்தையைச் சொல்லாமலே ஃபோனைக் கொடுத்துவிட்டிருந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இனிமே வார்த்தை இல்லப்பா" என்றாள் மகள். "பரீட்சை முடிஞ்சுது. மிஸ் போதும்னுட்டாங்க."

பற்றிக்கொண்டிருந்த கயிறு கையைவிட்டுப் போனதுபோல் இருந்தது. வார்த்தை இல்லாமல் இவளிடம் என்ன பேசுவது?

"சரிடா கண்ணு. நல்லா எழுதினியா?"

"அப்பா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாதானே இருக்கேன். ஏன்?"

"மெதுவா பேசுற."

"எங்க வேலை செய்யற எடத்துல மெஷின் சத்தம் ஜாஸ்திடா. கத்தியே பழகிடுச்சு. உன்னை ஒருநாளும் அப்பா திட்டினதில்ல."

"அம்மா சொன்னா. கை காட்டுவியாமே?" அவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நான் எப்படிப்பா அதப் பாப்பேன்?"

"அதான் பாரு. மக்கு அப்பா."

மகள் மறுத்துச் சொல்லவில்லை. ஏதோ யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"அங்க வந்தா நான் எங்க படுப்பேன்?"

 "கட்டில் இருக்கு. அதுல நீ. நான் கீழ பாயில."

"கட்டில் எங்க இருக்கு?"

"ஜன்னல் ஓரமா."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"ரோடு தெரியும். பஸ் போறது தெரியும். ஒரு மரம் இருக்கு."

"பூனை?"

"ஒண்ணு வரும். ஆனா திமிர் பிடிச்சது. கூப்பிட்டா திரும்பியும் பாக்காது."

"என்கிட்ட வரும்" என்றாள் மகள். பிறகு, "யோசிச்சுட்டுச் சொல்றேன்ப்பா" என்றாள்.

"யோசி. அவசரமே இல்ல."

ஃபோனை வைத்துவிட்டு அறையைப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் இருந்தது பீரோ. கட்டில் எதிர்ச் சுவரோரம், கதவைத் திறந்தால் இடிக்கிற இடத்தில். ஜன்னலை அவர் திறந்தே எத்தனையோ காலம் ஆகிறது. ரோடும் மரமும் படியேறும்போது பார்ப்பவைதான்.

பீரோவிலிருந்த சட்டைகளையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்துப் போட்டார். ஒரு காலை இழுத்து, மறு காலை இழுத்து, அதைச் சுவரோடு நகர்த்தினார். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் புதிதாக இருந்தது. துடைத்தார். பெயிண்டில் ஒட்டிக்கிடந்த ஜன்னல் கதவைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்டிலைத் தூக்கி வந்து போட்டார்.

பிறகு, படுத்தால் மரம் தெரிகிறதா என்று பார்க்க ஏறிப் படுத்தார். அவருக்குத் தெரிந்தது. அவர் உயரமானவர். அவளுக்குத் தெரியுமா? தலையணையை எடுத்துவிட்டுக் கீழே சரிந்து, காலை மடக்கிக்கொண்டு பார்த்தார். இன்னும் கொஞ்சம் மடக்கினார். எவ்வளவு மடக்குவது என்று தெரியவில்லை. அவள் இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது.