நாலாவுக்குப் பாலம் கேட்ட அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அப்பாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஒரு மனுவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

அப்பா பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். தாத்தாவுக்கு இங்கே தீவில் மஸ்தூர் என்ற கூலி வேலை கிடைத்ததால் சிறு வயதிலேயே கப்பலேறி வந்தார். பெரார்கஞ்சுக்கு உள்ளே, நாலா என்று நாம் சொல்லும் ஓடையைத் தாண்டினால்தான் எங்கள் வீடு. மழை பிடித்துவிட்டால் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அப்பாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான்.

கிராமப் பிரதான், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஆனதும் அப்பா போட்ட முதல் கையெழுத்து, நாலாவுக்குப் பாலம் கேட்கும் மனுவில். அது மேலே ஒன்றிய அளவிலான பஞ்சாயத்து சமிதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே இருந்தால்தான் நகரும் என்று போட்டியிட்டு, சமிதித் தலைவரானார். தன் மனு தன் மேசைக்கே வந்தது. ‘மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்து மாவட்ட அளவிலான ஜில்லா பரிஷத் உறுப்பினராகப் போர்ட் பிளேர் போனார். அங்கேயும் அதே மனு, அதே வாசகம், இம்முறை செயலகத்துக்கு.

“உங்க லெட்டரை நீங்களே அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவையாவது பதில் போடக் கூடாதா?” என்று அம்மா கேட்டார்.

நினைவூட்டுக் கடிதங்களையெல்லாம் டைப் செய்தவள் நான். எம்.பி. தேர்தலுக்கு நில்லுங்கள் என்று நச்சரித்தவளும் நானே. நின்றார். தெற்குக் கடைசியில் இருக்கும் கேம்பல் பே வரை கப்பலில் போய் வாக்குக் கேட்டார். டெபாசிட் போனது. அதே வாரம் செயலகத்திலிருந்து பதில் வந்தது: சிறு பாலங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு, அங்கே அணுகவும்.

அப்பா வார்டு மெம்பருக்கு நின்றார். பரிஷத்தில் இருந்தவர் வார்டுக்கா என்று சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். நானும் சண்டை போட்டேன்.

“காகிதமே கீழ இறங்கி வந்துருச்சு பாப்பா. எனக்கென்ன கௌரவம்?” என்றார்.

ஜெயித்தார். பஞ்சாயத்தில் நிதி இல்லை. பாக்கு மரங்களை வெட்டிப்போட்டு நடைபாலம் அமைத்தார். மழைக்கு மழை நாலா அடித்துக்கொண்டு போகும், மறுபடி போடுவார். கடைசி மழைக்காலத்தில் படுக்கையிலிருந்தே, “மரம் இருக்கா, போச்சா?” என்று கேட்டார். இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

சுடுகாடு நாலாவுக்கு அந்தப் பக்கம்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மெயின்லேண்டிலிருந்து ஓடிவந்த சித்தப்பா குடும்பத்துக்கும், பந்தல் போட்ட பெங்காலி அண்ணன்மாருக்கும் நன்றி. அன்று மார்பளவு தண்ணீரில் இரு வரிசையாக நின்று, தோளுக்குத் தோள் மாற்றி அப்பாவைக் கொண்டுபோனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவை எதிர்த்துப் போட்டியிட்ட மாமாதான் முன்னால் நின்றார். “ஆஹிஸ்தே, ஆஹிஸ்தே, மெதுவா. பிரதான் சாப் கால் நனையக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வாழ்நாளெல்லாம் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிய அந்த நாலாவை, மழைக்காலத்தில் அப்பா கால் நனையாமல் கடந்தது அன்று ஒருநாள்தான்.