கீரை விற்காத தெருமுனைக் கடை

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் ரயில் பாதையோரத் தெரு ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போய்விடுவார். மாமியாருக்கு முழங்கால் வலி. புதுப்பெண் தனியாகச் சந்தைக்குப் போகக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். தெருமுனைக் கடையில் அரிசியும் புளியும் கருவாடும்தான் கிடைக்கும். அதை வைத்தே பொங்கித் தின்றோம்.

மாசமாக இருந்தபோது, பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கியது. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு சாயங்காலம், "விளக்கத் தூண்டி வுடுங்க அத்தே" என்றேன்.

"நல்லாத்தானே எரிஞ்சிக்கினு கீது! கண்ணு பொட்டையாப் பூட்டுதா ஒனக்கு?" என்று மாமியார் சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்க வாசலில் இறங்கினேன். படி தெரியாமல் குப்புற விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "இது மாலைக்கண்ணும்மா. கீரை, காயி எதுவும் துன்றதில்லியா?" என்று கேட்டார்.

"எங்க தெருக் கடையில அதெல்லாம் விக்கிறதில்லீங்க" என்றேன்.

கீரை தின்று பார்வை திரும்பியது. பிள்ளை தங்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குப் புது மருமகள் யார் வந்தாலும், நானே போய்க் கதவைத் தட்டி, "சந்தைக்குப் போறேன், பொண்ணையும் கூட அனுப்புங்க" என்று அவள் மாமியாரிடம் கேட்கிறேன். அவர் சரி என்று சொல்லும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை.